நம்ம ரோஸ்

பெயின்டர் தன் கையால் கலர் கொடுத்த அறை எதிலும் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. சுவரில் ஈரம் இருக்கும்போதே ஏணியை மடக்கி, சாக்கைச் சுருட்டி, வாளியைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அங்கே யாரோ கட்டில் போடுவார்கள், யாரோ கண்ணாடி மாட்டுவார்கள், யாரோ பிள்ளையைத் தூங்க வைப்பார்கள். தெருவில் போகும்போது திறந்த ஜன்னல் வழியாகத் தன் சுவரின் ஒரு துண்டு கண்ணில் பட்டால், பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் உறவு.

அதனால்தான் மலைமேல் இருந்த அந்தச் சின்ன விடுதியின் முதலாளியம்மா, "கடைசி ரூம் முடிஞ்சதும் நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் அதுலயே ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க. விருந்தாளியா" என்று சொன்னபோது, அவர் கையிலிருந்த பிரஷ் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுவரிலேயே நின்றுவிட்டது.

கடைசி ரூம்தான் அந்த விடுதியிலேயே நல்ல ரூம். பெரிய ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கீழே சரிவு முழுக்க முதலாளியம்மாவின் பூந்தோட்டம். சத்தம் என்று சொன்னால் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம்தான்.

செய்தியைப் போனில் கேட்ட மனைவி முதலில் நம்பவில்லை. கல்யாணமான புதிதில் சொன்ன கடற்கரை, மகள் பிறந்தபோது சொன்ன அருவி என்று அவர் வாயாலேயே அவளைக் கூட்டிப்போன இடங்கள் ஏராளம். அவள் லாண்டரியில் நாளெல்லாம் நின்றுகொண்டு இஸ்திரி போடுகிறவள். கேள்வியும் அங்கிருந்தேதான் வந்தது.

"விருந்தாளின்னா பெட்ஷீட்ட நாம மடிக்க வேணாமா?"

"வேணாம்."

"கசங்கிருச்சின்னா?"

"அவங்களே மாத்துவாங்க."

"தேய்ச்சதா இருக்குமா?"

"நீ வெறுங்கையோட வந்து சேரு. மத்ததெல்லாம் இங்க வந்து பாத்துக்கலாம்."

லாண்டரியில் லீவு கேட்டாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மலைக்குப் போறோம், பூந்தோட்டம் பாக்க" என்று சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. முதலாளியம்மா வெளியூர் போயிருந்தார். அவர் திரும்பி வந்து, கடைசி ரூமைப் பார்த்து, சரி என்று சொன்னால் சாவி கைக்கு வரும். அந்த இரண்டு நாள் கழித்து ரூமுக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். அதனால் ஏதாவது குறை என்றால் சரிசெய்யவும் அதே இரண்டு நாள்தான். ஆனால் குறை எங்கிருந்து வரும்? பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம்போல் வழவழவென்று ஆக்கியிருந்தார். கலரையும் அந்தம்மாவே போனில் சொல்லியிருந்தார். மலையில் சிக்னல் கரகரவென்று வந்து போகும். பெயின்டரும் அவருக்கு உதவிக்கு வந்திருந்த மச்சினனும் போனை ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு தலையையும் ஒட்டிவைத்துக் கேட்டார்கள்.

"கடைசி ரூமுக்கு நம்ம ரோஸ் கலர் அடிச்சிருங்க."

"சரிங்கம்மா."

இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது? அடித்துவிட்டார்கள். நாலு சுவரும், ரெண்டு கோட்டு, நல்ல ரோஸ்.

*

மனைவி காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மச்சினன் போய் அக்காளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ரூம் வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்துவைத்து, உள்ளே கால் வைத்தவள் கண்ணைச் சிமிட்டினாள்.

"என்னங்க இது, பல்பொடி டப்பாக்குள்ள வந்த மாதிரி இருக்கு."

"அந்தம்மா கேட்ட கலரு" என்றார் பெயின்டர்.

"நான் குறை சொல்லல. பல்லு வெளக்குன மாதிரி சுத்தமாத்தான் இருக்கு."

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். அது அவளை லேசாகத் தூக்கிப்போட்டது. மறுபடி உட்கார்ந்தாள். விரிப்பின் ஓரத்தை விரலால் திருப்பிப் பார்த்து, "ஓரம் சரியா தேய்க்கல" என்று முணுமுணுத்துவிட்டு, "எனக்கென்ன, நான் விருந்தாளி" என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அக்கா, இப்பவே படுத்துராத. சாவி இன்னும் வரல" என்றான் மச்சினன்.

"அந்தம்மா எப்ப வர்றாங்க?"

"மத்தியானத்துக்கு மேல."

"அப்ப வாங்க, தோட்டத்தப் பாத்துட்டு வந்துரலாம். வந்து குளிச்சிட்டு உக்காந்தேன்னா எழுப்பக் கூடாது."

தோட்டம் விடுதிக்குப் பின்னால் படிப்படியாகக் கீழே இறங்கியது. கம்பு நட்டு நிழல்வலை கட்டியிருந்தார்கள். வலைக்கடியில் வெயில் சலித்துவிட்ட மாவுபோல் விழுந்தது. மண் ஈரமாக இருந்தது. முதல் வரிசை முழுக்க ஜெர்பரா. ஒரு காம்புக்கு ஒரு பூ, தட்டுத் தட்டாக, மேலே பார்த்துக்கொண்டு நின்றன. மனைவி குனிந்து ஒன்றை மோந்து பார்த்தாள்.

"வாசமே இல்ல."

"அது பாக்கறதுக்குத்தான்" என்று ஒரு குரல் வந்தது. வரிசைக்கு நடுவிலிருந்து தோட்டத்துப் பொறுப்பாளியம்மா நிமிர்ந்தாள். கழுத்தில் கயிறு கட்டிக் கத்திரி தொங்கியது. அதனால் அவளை எல்லோரும் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சினன் முதல் நாள் அதைக் கத்திரிக்கா என்று காதில் வாங்கி, அப்படியே கூப்பிட்டும் வைத்து, அன்றிலிருந்து அவள் இவனிடம் நேராகப் பேசுவதில்லை.

"இவங்கதான் உங்க வீட்டுக்காரங்களா? வாங்கம்மா. பறிக்கணும்னா கேட்டுட்டுப் பறிங்க. அந்தத் தம்பி கேக்காமயே பறிக்கும்" என்றாள் கத்திரியக்கா.

"அந்தத் தம்பி என் தம்பிதாங்க."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

பேசிக்கொண்டே அடுத்த படிக்கு இறங்கினார்கள். அங்கே ரோஜாச் செடிகள். ஒவ்வொரு மொட்டுக்கும் வெள்ளை வலையில் சின்னக் குல்லா மாட்டியிருந்தது. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"குளிருக்காங்க?"

"விரியாம இருக்க. விரிஞ்சா கடைக்காரன் தொடமாட்டான். மூடியிருந்தாத்தான் மதிப்பு."

"எங்க மாமா மாதிரி. வாயத் தொறக்காத வரைக்கும் நல்ல மதிப்பு" என்றான் மச்சினன்.

பெயின்டர் அவனை முறைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விருந்தாளி நடை ஒன்றை நடந்து பார்த்தார். தோள்பட்டை இன்னும் வலித்தது. ஆனாலும் நடை நன்றாகத்தான் வந்தது. குல்லா மாட்டிய மொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். வெள்ளை. சிவப்பு. கடைசி வரிசைக்கு வந்தபோது கத்திரியக்கா ஒரு மொட்டின் குல்லாவைக் கழற்றினாள். முலாம்பழத்தை அப்போதுதான் நறுக்கி வைத்ததுபோல் ஒரு நிறம். மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை.

"இது என்ன பூங்க?" என்றாள் மனைவி.

"இதுதாம்மா நம்ம ரோஸ்."

பெயின்டரின் விருந்தாளி நடை அங்கேயே நின்றது.

"நம்ம ரோஸ்னா?" என்றார்.

"முதலாளியம்மா எங்கெங்கயோ அலஞ்சு தேடிக் கொண்டாந்த செடி. வேற யாருகிட்டயும் கிடையாது. அதனால நாங்க எல்லாரும் இத நம்ம ரோஸ்னுதான் சொல்லுவோம். ஏன், உங்களுக்குத் தெரியுமே? கடைசி ரூமுக்கு இந்தக் கலரத்தானே அடிக்கச் சொல்லியிருந்தாங்க."

மச்சினன் மெதுவாக மாமாவைப் பார்த்தான். மாமா பூவைப் பார்த்தார். பூ யாரையும் பார்க்கவில்லை.

"ஆமா, ஆமா" என்று பெயின்டர் வலது காதைச் சொறிந்தார். "சாம்பிளுக்கு ஒண்ணு குடுங்க, சும்மா. மாப்ளே, ஏணிய வெளியிலயே விட்டுட்டு வந்துட்டோம்ல? மழ வந்தா நனஞ்சிரும்."

"அலுமினிய ஏணிதானே? நனஞ்சா என்ன?" என்றாள் மனைவி.

"வழுக்கும்."

அவள் வானத்தைப் பார்த்தாள். வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. "சரி, போய்ட்டு வாங்க. நான் இவங்களோட இருக்கேன்" என்றாள்.

*

மேட்டில் வேகமாக ஏறினார்கள். மூச்சு அதற்கே சரியாக இருந்தது. ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் மச்சினன் ஆரம்பித்தான்.

"மாமா, யானைக் கலருன்னா யானைக் கலர்தான். கத்திரிப்பூக் கலருன்னா கத்திரிப்பூக் கலர்தான். வெங்காயத் தோலுன்னா வெங்காயத் தோலுதான். இந்த ரோஸ் மட்டும் எப்படி மாமா மாறுச்சு?"

"பேச்ச விடு. கட்டிலை நடுவுல இழு."

"ரோஸ் கலருன்னா உலகத்துக்கே ரோஸ் கலர்தானே?"

"உலகத்துக்கு ரோஸ். அந்தம்மாவுக்கு நம்ம ரோஸ். நம்மங்கறதுல இருக்குடா சங்கதி. நம்ம வீடு, நம்ம தெரு, நம்ம பையன்னு எல்லாரும் சொல்ற நம்மன்னு நெனச்சு விட்டுட்டேன்." அவர் சாக்கைத் தரையில் விரித்தார். "மத்தியானம் வந்து பாத்தாங்கன்னா என்ன ஆகும்? ரெண்டு நாளும் நான் இந்த ஏணி மேல. உங்கக்கா அடுத்த பஸ்ல. இவ்வளவு தூரம் வரவழச்சு, கட்டிலைக் காட்டி, படுக்காத போன்னு சொல்றதா? அவ எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வந்திருப்பா."

"சொல்லாம வந்திருந்தாத்தான் அதிசயம்."

மிச்சம் இருந்த ரோஸை வாளியில் ஊற்றி, மஞ்சள் ஸ்டெய்னர் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளறினார். பூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மச்சினன் பக்கத்தில் நின்றான்.

"மாமா, இது கேரட்."

வெள்ளை சேர்த்தார்.

"இப்ப கேரட்டும் பாலும்."

இன்னும் கொஞ்சம் மஞ்சள், குச்சி நுனியில் தொட்ட அளவு. சுவரில் ஒரு தீற்றுத் தீற்றி, வாயால் ஊதி, பூவை அதன்மேல் வைத்தார். பூ எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மச்சினன் கேலி பேசாமல் ரோலரை எடுத்துக் கொடுத்தான்.

கட்டிலின் தலைமாட்டுச் சுவரை முடித்தார்கள். அடியில் இருந்த ரோஸ் எட்டிப் பார்த்த இடங்களில் மறுபடி ஓட்டினார்கள். பெயின்டரின் தோள்பட்டை நெருப்பாய் எரிந்தது. பக்கத்துச் சுவரில் பாதி வந்திருப்பார்கள். வெளியே ஜீப் சத்தம் கேட்டது. மச்சினன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"தோட்டத்துல நிக்குது. அந்தம்மா எறங்குறாங்க. அக்காகிட்ட பேசுறாங்க."

"என்ன பேசுறாங்க?"

"இங்கிருந்து எப்படி மாமா கேக்கும்? ஆனா நல்லா சிரிக்கிறாங்க."

"ஓட்டு, ஓட்டு."

ஓட்டினார்கள். ஆனால் ஆட்கள் மேட்டில் ஏறுகிற வேகத்துக்குச் சுவர் காயாது. கதவு திறந்தபோது பெயின்டர் ஏணியின் உச்சியில், ஒரு கையில் ரோலரும் மறு கையில் வாளியுமாக நின்றுகொண்டிருந்தார். முதலாளியம்மா முன்னால் வந்தார். பின்னால் மனைவி, இடுப்பில் ஒரு கூடையுடன். கூடைக்கு மேல் ஈரச் சாக்கு மூடியிருந்தது.

முதலாளியம்மா நடு அறையில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். இரண்டு சுவர் ரோஸ். ஒரு சுவர் முலாம்பழம். ஒரு சுவர் பாதிக்குப் பாதி.

"இது என்ன, எனக்குப் புரியலையே."

பெயின்டர் ஏணியிலிருந்து இறங்கினார். இறங்குவதற்குள் சொல்வதற்கு ஒரு பொய் தேடினார். ஏணி வழுக்கும் என்பதற்கு மேல் அவருக்குப் பொய் வராது.

"தப்பு நடந்துபோச்சிங்கம்மா. நீங்க நம்ம ரோஸ்னு சொன்னீங்க. நான் வெறும் ரோஸ்னு எடுத்துக்கிட்டேன். அந்தப் பூவ இன்னிக்குத்தான் பாத்தேன். பாத்ததுல இருந்து மாத்திக்கிட்டு இருக்கேன்." துணியால் கையைத் துடைத்தார். "இன்னிக்கும் நாளைக்கும் இருந்து முடிச்சிக் குடுத்துர்றேன். தங்கறதெல்லாம் வேணாங்கம்மா. இவளைச் சாயங்கால பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்."

"யாரை?" என்றாள் மனைவி.

பெயின்டரின் கை காதுக்குப் போனது.

"காத விடுங்க. நீங்க கீழ காதச் சொறிஞ்சப்பவே எனக்குத் தெரியும், ஏணியும் இல்ல, மழையும் இல்லன்னு. சரி, மனுசன் ஏதோ அவஸ்தைல இருக்காரு, முடிச்சிட்டு வரட்டும்னு விட்டேன். அதுக்காக என்னைக் கேக்காம என்னை பஸ்ல ஏத்துறீங்களா?"

"உன்னை இங்க நிறுத்தி வச்சிட்டு நான் சுவர் தேய்க்கவா?"

"தேய்ங்க. நான் படுத்துக்கிட்டு பாக்குறேன். நான்தானே விருந்தாளி."

முதலாளியம்மா இவர்கள் சண்டையைக் கவனிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போன்ல ரோஸ்னா சொன்னேன்?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா. நம்ம ரோஸ் கலர்னீங்க. நானும் கேட்டேன்" என்று மச்சினன் வாளிக்குப் பின்னாலிருந்து சாட்சி சொன்னான்.

"தோட்டத்துல சொல்லிச் சொல்லி அதே வாயில வந்திருச்சு. எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்." அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பேசாம பீச் கலர்னு சொல்லியிருக்கலாம்."

"நல்லவேளம்மா, சொல்லல" என்றான் மச்சினன். "பீச்சுன்னா நாங்க கடல் நீலம் அடிச்சிருப்போம்."

முதலாளியம்மா அவனைத் திரும்பிப் பார்த்தார். முதலில் மூக்குதான் சிரித்தது. பிறகு அடக்க முடியாமல் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். கட்டில் அவரையும் ஒரு தூக்குத் தூக்கிப்போட்டது. பெயின்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ரோலரிலிருந்து ஒரு சொட்டு அவர் கால்மேல் விழுந்தது.

மனைவி கூடையை ஜன்னல் திட்டில் வைத்து, சாக்கை விலக்கினாள். உள்ளே முழுக்க விரிந்த ரோஜாக்கள், உள்ளங்கை அகலத்துக்கு.

"இது எங்க கெடச்சிது?" என்றார் முதலாளியம்மா.

"உங்க தோட்டத்துலதாங்க. குல்லா கழண்டு விழுந்ததெல்லாம் வரிசைக் கடைசில விரிஞ்சு கெடந்துச்சு. விக்க முடியாது, குப்பைக்குப் போறதுன்னாங்க. எனக்கு மனசு வரல, கேட்டு வாங்கிக்கிட்டேன். நீங்களும்தான் பக்கத்துல நின்னீங்க."

"கூடையத் தொறந்து காட்டலையே நீங்க."

மனைவி ஒவ்வொன்றாக எடுத்துத் திட்டில் வைத்தாள். எல்லாம் ஒரே செடியின் பூக்கள்தான். இன்று விரிந்தவை முலாம்பழ நிறத்தில் இருந்தன. நேற்று விரிந்தவற்றுக்கு ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது. அதற்கும் முன்னால் விரிந்தவை, இதழ் உதிரும் தறுவாயில் இருந்தவை, சுத்த ரோஸ்.

"துணிக்கெல்லாம் நாளாக நாளாகச் சாயம் போகும். இதுக்கு நாளாக நாளாக ஏறுது" என்றாள். "இந்தப் பக்கத்துச் சுவரும் அந்தப் பக்கத்துச் சுவரும் மாதிரிதான். சொந்தம்தான் ரெண்டும்."

முதலாளியம்மா ஒரு பழைய பூவை எடுத்துப் போய் ரோஸ் சுவரில் வைத்துப் பார்த்தார். "மொட்டுலயே வெட்டி அனுப்பிருவோம். விரிஞ்சு, அதுக்கப்புறம் எப்படி ஆகும்னு நான் பாத்ததே இல்ல" என்றார். குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. பிறகு கையை எடுத்து, தள்ளி நின்று பார்த்தார்.

"பூ நல்லாயிருக்கு. சுவரு பல்பொடிதான்."

"நானும் அதேதாங்க சொன்னேன்" என்றாள் மனைவி.

பெயின்டர் தன் மனைவி எந்தக் கட்சி என்று பார்த்தார். தெரியவில்லை.

"சரி, ஒண்ணு செய்யுங்க. அந்தப் பாதிச் சுவர முடிச்சிட்டு ஏணிய வெளிய வச்சிருங்க. ரெண்டு சுவர் அது, ரெண்டு சுவர் இது. இப்படியே ரெண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் இங்க இருங்க" என்றார் முதலாளியம்மா. "இருந்து பாத்து நீங்களே சொல்லுங்க, மனுசன் இந்தக் கலருக்குள்ள குடியிருக்க முடியுமா முடியாதான்னு. முடியாதுன்னா வர்றவங்கள வேற ரூம்ல போட்டுட்டு மாத்திக்கலாம். அடிச்சவரு உள்ள இருந்து பாக்கறதுதானே நியாயம்?"

அவர் சாவியை நீட்டினார். பெயின்டரின் கையெல்லாம் பெயின்ட். மனைவி வாங்கிக்கொண்டாள்.

"வாசம் அடிக்குமே, இன்னிக்கு மட்டும் வேற ரூம் தரட்டுமா?"

"வேணாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இந்த வாசத்தோடதான் குடும்பம் நடத்துறேன். இல்லாட்டிதான் தூக்கம் வராது."

*

காலையில் பெயின்டர் கண் விழித்தபோது, எங்கே இருக்கிறோம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. ஜன்னல் வழியாக வெயில் முதலில் ரோஸ் சுவரில் விழுந்து, அங்கிருந்து திரும்பித் தலைமாட்டுச் சுவருக்கு வந்தது. அறை முழுக்க ஒரு நிறம் பரவியிருந்தது. அதற்கு அவரிடம் பெயர் இல்லை. எந்த டப்பாவிலும் அதைக் கலக்கியதில்லை. மனைவி பக்கத்தில் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தாள்.

"என்ன சொல்லுறது அந்தம்மாகிட்ட?" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தாள். "பல்பொடிதான்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்ல பல்பொடி" என்றாள். "இருக்கட்டும்னு சொல்லுங்க. அதையும் நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கே சொன்னா கெளப்பி விட்டுருவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே அண்ணாந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. தலைமாட்டுச் சுவரின் மேல்மூலையில், கூரை சேருகிற இடத்தில், ரோலர் எட்டாமல் விட்டுப்போன ஒரு கை அகலம். உடம்பு தன்னால் எழுந்திருக்கப் பார்த்தது.

"எந்திரிச்சீங்கன்னா சாவி எங்கிட்டதான் இருக்கு. வெளிய வச்சிப் பூட்டிருவேன்."

அவர் படுத்துக்கொண்டார். அந்த நேரம் ஜன்னலில் மச்சினனின் தலை முளைத்தது.

"மாமா, எந்திரிச்சாச்சா? அடுத்த ரூமுக்கு உப்புத்தாள் எங்க வச்சிருக்கீங்க?"

"யாரப்பா நீ?" என்றார் பெயின்டர், தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல். "விருந்தாளி தூங்குற ரூம்ல ஜன்னல் வழியா எட்டிப் பாக்குற. முன்பக்கமா வந்து கதவத் தட்டிட்டுப் பேசு."

தலை மறைந்தது. நடை சத்தம் சுற்றிக்கொண்டு வந்தது. கதவு பணிவாகத் தட்டப்பட்டது.

"ஐயா, கூப்பிட்டீங்களா?"

"ஆமாப்பா. இந்த ரூம்ல மேல மூலையில ஒரு இடம் விட்டுப்போயிருக்கு. எந்தப் பெயின்டர் அடிச்சது இது?"

கதவுக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அவரு இப்ப லீவுங்கய்யா" என்றான் மச்சினன். "வந்ததும் அனுப்பி வைக்கிறேன்."